ஆள்சேர்ப்புத் துறையில் பதவி உயர்வு யாருக்கு?

2025 ஜனவரி 20 அன்று அட்லாண்டாவில் நடந்த அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் தேசிய இறுதிப் போட்டியில் நோட்டர் டேம் பல்கலைக்கழக அணி ஒஹாயோ ஸ்டேட்டிடம் 34-23 என்ற கணக்கில் தோற்றது. 1988-க்குப் பிறகு கோப்பையைத் தொடாத அணி அது. அந்தத் தோல்வியின் வலி ஆறுவதற்குள், அதே வாரத்தில் இன்னொரு செய்தி வந்து சேர்ந்தது. அணிக்கு வீரர்களைச் சேர்க்கும் துறையை நடத்தும் ஜெனரல் மேனேஜராக இருந்த சாட் போடன், கலிஃபோர்னியாவிலுள்ள யுஎஸ்சி பல்கலைக்கழகத்துக்குப் போகிறார் என்பதே அது. 1926 முதல் நோட்டர் டேமுடன் மோதிவந்த பரம வைரி யுஎஸ்சி என்பதால், ரசிகர்கள் இதை வெறும் வேலை மாற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. பந்தைத் தொடாத, பயிற்சியாளராகக் களத்தின் ஓரத்தில் நிற்காத ஒருவர் விலகியதைப் பற்றி வாரக்கணக்கில் விவாதம் நடந்தது. அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்களில் ஒருவரை உயர்த்த வேண்டுமா, வெளியிலிருந்து பெயர் பெற்ற ஒருவரைக் கொண்டுவர வேண்டுமா என்பதுதான் விவாதத்தின் மையம்.

சிகாகோ புறநகரில் குடியிருக்கும் எனக்கு, நோட்டர் டேம் இருக்கும் சவுத் பெண்ட் நகரம் காரில் எட்டிவிடக்கூடிய தூரம்தான். ஆட்டம் பார்க்கப் போய்ப் பழகி, பிறகு அணியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கும் பழக்கமும் ஒட்டிக்கொண்டது. அந்த விவாதத்தில் நானும் முழு மனத்தோடு கலந்துகொண்டேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெனரல் மேனேஜர் என்ற அந்தப் பதவிக்குள் இன்று மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. அந்த மூன்றில் எதற்கு ஆள் தேடுகிறோம் என்பதைத் தெளிவுபடுத்தாமல், உள்ளே இருப்பவரா வெளியாளா என்று வாதிடுவதில் பயனில்லை.

நான் பேசுவது ஹெல்மெட்டும் தோள் கவசமும் அணிந்து ஆடும் அமெரிக்கக் கால்பந்து என்பதால், பரிச்சயமில்லாத வாசகர்களுக்காகச் சிறிது பின்னணி சொல்ல வேண்டியிருக்கிறது. தொழில்முறை லீகான என்எஃப்எல்லில், கல்லூரியிலிருந்து வரும் வீரர்களை அணிகள் வரிசை முறையில் தேர்ந்தெடுத்துக்கொள்கின்றன. கல்லூரிக் கால்பந்தில் அப்படி ஒரு ஏற்பாடு கிடையாது. பதினாறு, பதினேழு வயதுப் பள்ளி மாணவனை நாட்டின் ஏதோ ஒரு மூலையில் கண்டுபிடித்து, அவனோடும் அவன் குடும்பத்தோடும் மாதக்கணக்கில், சில வேளைகளில் வருடக்கணக்கில் பேசி, வேறு பத்துப் பல்கலைக்கழகங்களும் அழைக்கும்போது அவன் நம்மைத் தேர்ந்தெடுக்கும்படி செய்ய வேண்டும். இதை ஒவ்வோர் ஆண்டும் இருபது, இருபத்தைந்து பேருக்காகச் செய்ய வேண்டும். அவர்கள் ஒப்பமிடுவது பெரும்பாலும் டிசம்பர் மாதத்தில்.

கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதி ஒன்று இந்தத் துறையின் வடிவத்தையே தீர்மானித்திருக்கிறது. பல்கலைக்கழக வளாகத்துக்கு வெளியே போய் மாணவர்களைச் சந்தித்து ஆள் சேர்க்கும் உரிமை தலைமைப் பயிற்சியாளருக்கும் பத்து உதவிப் பயிற்சியாளர்களுக்கும் மட்டுமே உண்டு. மற்றவர்கள் எத்தனை பேர் இருந்தாலும் கட்டடத்துக்குள் இருந்தபடியே வேலை பார்க்க வேண்டும். காணொளி பார்த்துத் தகுதியை எடைபோடுவது, பள்ளிப் பயிற்சியாளர்களோடு தொடர்பில் இருப்பது, மதிப்பெண் பட்டியலைச் சரிபார்ப்பது, வளாகத்துக்கு வரும் குடும்பங்களை வரவேற்பது என்று அவர்களுடைய வேலை ஆண்டு முழுவதும் ஓய்வில்லாமல் நடக்கிறது. பயிற்சியாளர் விமானம் ஏறிப் போய் ஒரு மாணவனின் வீட்டுக் கூடத்தில் உட்காரும்போது, எந்த வீட்டுக்குப் போக வேண்டும், அங்கே யாருடைய சொல் எடுபடும், அந்த மாணவன் எதற்கு அஞ்சுகிறான் என்பதையெல்லாம் அவர் கையில் கொடுத்து அனுப்பியவர்கள் இவர்களே.

இந்தத் துறை பெருகியதில் அலபாமா பல்கலைக்கழகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 2007-ல் அங்கே பொறுப்பேற்ற நிக் சேபன், என்எஃப்எல் அணிகளைப் போல வீரர் தேர்வுக்கென்று தனிப் பிரிவையே வளர்த்தெடுத்தார். அந்த முதல் ஆண்டில் அப்பிரிவை நடத்திய ஜெஃப் காலின்ஸ் பிற்பாடு டெம்பிள், ஜார்ஜியா டெக் ஆகிய இரு பல்கலைக்கழகங்களுக்குத் தலைமைப் பயிற்சியாளரானார். அதே பிரிவில் இருந்த எட் மேரினோவிட்ஸ் 2015-ல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் வீரர் தேர்வுப் பிரிவுக்குத் துணைத் தலைவரானார். கட்டடத்துக்குள் உட்கார்ந்து காணொளி பார்ப்பவனுக்கும் மேலே ஏற வழியுண்டு என்று அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. சேபன் 2024 ஜனவரியில் ஓய்வு பெற்றார். அதற்குள் பெரிய பல்கலைக்கழகங்கள் எல்லாமே அவருடைய அமைப்பைப் பார்த்துத் தங்களுக்கும் ஒன்றை அமைத்துக்கொண்டிருந்தன.

பிறகு வந்த மாற்றங்கள் அந்தப் பதவியின் எடையைக் கூட்டின. 2018 அக்டோபரில், வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. 2021-ல், வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறும் வீரர் ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு முதல் மாற்றத்துக்குத் தளர்ந்தது. அதே ஆண்டு ஜூலை 1 முதல், வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்து விளம்பரங்களின் மூலம் சம்பாதிக்கலாம் என்றானது. 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்த, வீரர்கள் என்சிஏஏ மீது தொடுத்த ஹவுஸ் வழக்கின் உடன்படிக்கைப்படி, ஜூலை 1 முதல் பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதலாண்டு வரம்பு ஒரு பல்கலைக்கழகத்தின் எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர். அதில் பெரும்பங்கு கால்பந்துக்கே போகிறது. முன்பு 85 முழு உதவித்தொகைகள் என்றிருந்த வரம்பு நீங்கி, அணியில் 105 பேர் என்ற வரம்பு வந்தது.

ஆகவே முதல் வேலை, எடைபோடுதல். இரண்டாவது, உறவை வளர்த்து விருந்தோம்புதல். மூன்றாவது, பணத்தைப் பங்கிட்டு அணியின் அமைப்பைத் திட்டமிடுதல். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு இந்தத் துறையில் சேர்ந்தவர் கற்றது முதல் இரண்டில் ஒன்றைத்தான். மூன்றாவது வேலை அப்போது இல்லவே இல்லை.

எடைபோடும் வேலையை ரசிகர்கள் பெரும்பாலும் நட்சத்திரக் கணக்கில்தான் பார்க்கிறார்கள். மாணவர்களுக்கு இரண்டு முதல் ஐந்து நட்சத்திரம் வரை வழங்கும் தரவரிசை நிறுவனங்கள் இருக்கின்றன. ஐந்து நட்சத்திர மாணவன் வந்தால் கொண்டாட்டம், மூன்று நட்சத்திரக்காரன் வந்தால் முணுமுணுப்பு. ஆனால் நோட்டர் டேமின் அண்மைக்கால வரலாறு இந்தக் கணக்குக்கு அடங்குவதில்லை. டெக்சஸ் மாநிலத்தின் ரவுண்ட் ராக் நகரிலிருந்து வந்த லெனர்ட் மூர் மூன்று நட்சத்திர மாணவர். 2024-ல் பெஞ்சமின் மாரிசன் இடுப்புக் காயத்தால் விலகியபோது, முதலாண்டு மாணவரான மூர், எதிரணியின் பந்து பிடிப்பவரைத் தடுக்கும் கார்னர்பேக் இடத்தில் நின்று இறுதிப் போட்டி வரை ஆடினார். அடுத்த ஆண்டு நாட்டின் மிகச் சிறந்த கார்னர்பேக்குகளில் ஒருவராக அனைவராலும் ஏற்கப்பட்டார். ஒமாஹாவிலிருந்து பந்து பிடிக்கும் வீரராக வந்த ஸேவியர் வாட்ஸ், பின்வரிசைத் தடுப்பாளராக மாற்றப்பட்டு, 2023-ல் நாட்டின் தலைசிறந்த தடுப்பு வீரருக்கான நகுர்ஸ்கி விருதைப் பெற்றார்.

இப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடிக்கும் வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கவனித்தால் மரியாதை கூடும். பள்ளி மாணவர்கள் அனுப்பும் தொகுப்புக் காணொளிகளில் அவர்களுடைய சிறந்த முப்பது நொடிகள் மட்டுமே இருக்கும். துறையில் பழுத்தவர்கள் முழு ஆட்டத்தின் பதிவைக் கேட்டு வாங்குவார்கள். பந்து தன் பக்கம் வராத வேளைகளில் அவன் நின்றுவிடுகிறானா, ஓடுகிறானா என்று பார்ப்பார்கள். பின்னோக்கி ஓடிக்கொண்டிருப்பவன் திரும்பும்போது இடுப்பு எவ்வளவு எளிதாகத் திரும்புகிறது என்பதை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள். தடகளப் போட்டியில் கருவியால் பதிவான ஓட்ட நேரம் இருக்கிறதா, கூடைப்பந்தும் ஆடுகிறானா, கைகளின் நீளம் என்ன, இன்னும் உயரம் கூடுமா என்று விசாரிப்பார்கள். நோட்டர் டேமில் இவற்றோடு மதிப்பெண் பட்டியலும் சேர்கிறது. அங்கே சேர்க்கை அலுவலகம் ஒப்பாத மாணவனைப் பயிற்சியாளர் எவ்வளவு விரும்பினாலும் எடுக்க முடியாது. எனவே பத்தாம் வகுப்பில் அவன் எந்தப் பாடங்களை எடுத்திருக்கிறான் என்பதை அறிந்திருப்பதும் காணொளி பார்ப்பவரின் கடமையாகிறது. இந்த அறிவு அந்தக் கட்டடத்தில் ஆண்டுகளைக் கழித்தவருக்குத்தான் வரும். உள்ளிருந்தே உயர்த்த வேண்டும் என்ற தரப்பின் மிக வலுவான வாதம் இதுவே. ஆனால் விவாதத்தில் அவர்கள் இதைச் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை. அவர்களில் பலர் விசுவாசம், நன்றி என்ற பெயரிலேயே வாதாடினார்கள்.

இரண்டாவது வேலையை நான் சற்று அருகிலிருந்து அறிவேன். குடும்ப நண்பர் ஒருவரின் மகள், மேற்குப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் படித்தபோது, அங்கே கால்பந்து ஆள்சேர்ப்புப் பிரிவில் மணிக்கணக்குக் கூலிக்கு வேலை பார்த்தாள். ஒரு சனிக்கிழமைக்கான பட்டியலை அவள் எனக்கு விளக்கிக் காட்டியிருக்கிறாள். வருகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம். மாணவனின் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும், வீட்டில் அவனை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அம்மாவுக்குக் கடலை ஒவ்வாது, பாட்டியால் படியேற முடியாது ஆகவே லிஃப்ட் பக்கமாக அழைத்துவர வேண்டும், தம்பிக்கு எட்டு வயது, அவன் கூட்டத்தில் தொலைந்துபோகாமல் ஒருவர் கூடவே இருக்க வேண்டும், மாற்றாந்தந்தையும் தந்தையும் வருகிறார்கள், இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைக்கக் கூடாது. சீருடை அணிந்து படம் எடுக்கும் அறைக்கு எந்தக் குடும்பம் எத்தனை மணிக்கு, பேராசிரியரைச் சந்திப்பது எத்தனை மணிக்கு, தலைமைப் பயிற்சியாளரின் அறையில் எத்தனை நிமிடம் என்று நேரம் நேரமாகப் பிரித்திருந்தார்கள். ஒரு குடும்பம் பதினைந்து நிமிடம் தாமதித்தால் மற்ற எல்லாமே சரியும்.

அந்தத் தாளைத் தயாரித்தவர் அப்பிரிவில் பல ஆண்டுகளாக இருந்த ஒரு பெண்மணி. அவருக்குக் கீழே வேலை பழகிய இளைஞர்கள் இரண்டு, மூன்று ஆண்டுகளில் வீரர் தேர்வுப் பக்கம் மாறி, பெரிய பெயருள்ள பதவிகளுக்குப் போனார்கள். அவர் விருந்தோம்பல் இயக்குநராகவே இருந்தார். இந்தத் தொழிலில் வளாக வருகைகளை நடத்துவோரில் பெண்கள் நிறைய இருக்கிறார்கள். ஜெனரல் மேனேஜர் நாற்காலியில் அவர்களைக் காண்பது அரிது. காணொளி பார்க்கத் தெரியாது என்று அவர்களைப் பற்றிச் சொல்லப்படுகிறது. ஐந்நூறு குடும்பங்களின் முகத்தைப் படித்து, எந்த மாணவன் உண்மையிலேயே வருவான், எவன் வேறிடத்தில் பேரம் பேசுவதற்காக நம்மைப் பயன்படுத்துகிறான் என்று கணித்தவருடைய அனுபவம் எந்தக் காணொளி அறிவுக்கும் இளைத்ததில்லை. ரசிகர்கள் நடத்தும் பதவி உயர்வு விவாதங்களில் இப்படிப்பட்டவர்களின் பெயர் ஒருபோதும் எழுவதில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

மூன்றாவது வேலைக்கு வருகிறேன். இன்று ஜெனரல் மேனேஜர் வீரர்களின் முகவர்களோடு பேச வேண்டும். முன்வரிசையில் நின்று மோதும் மூன்றாம் ஆண்டு லைன்மேன் ஒருவருக்கு எவ்வளவு தரலாம், அதே தொகைக்குப் போர்ட்டலில் யார் கிடைப்பார், இவர் போனால் பள்ளியிலிருந்து எடுத்த மாணவன் தயாராக இருக்கிறானா என்று ஒரே நேரத்தில் மூன்று ஆண்டுகளுக்கான கணக்கைப் போட வேண்டும். இதைத் தொழிலாகப் பழகியவர்கள் இருக்கும் இடம் என்எஃப்எல். அதனால்தான் பல பல்கலைக்கழகங்கள் அந்தப் பக்கம் கை நீட்டின. 2024 இறுதியில் பில் பெலிசிக்கைப் பயிற்சியாளராக எடுத்த நார்த் கரோலினா, முன்னாள் என்எஃப்எல் நிர்வாகியான மைக்கேல் லொம்பார்டியை ஆண்டுக்கு 15 லட்சம் டாலர் ஊதியத்தில் ஜெனரல் மேனேஜர் ஆக்கியது. 2025 தொடக்கத்தில் ஓக்லஹோமா, முன்னாள் என்எஃப்எல் ஸ்கவுட்டும் சீனியர் போல் போட்டியை நடத்திவந்தவருமான ஜிம் நேகியை அழைத்துக்கொண்டது. ஸ்டான்ஃபோர்டில் நடந்தது இன்னும் பெரிய மாற்றம்: அப்பல்கலைக்கழகத்தில் முன்பு பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்காக இருந்த ஆண்ட்ரூ லக் 2024 நவம்பரில் ஜெனரல் மேனேஜராக வந்தார், 2025 மார்ச்சில் தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டதும், அவருக்குப் பதிலாள் தேடியதும் லக்கின் பொறுப்பிலேயே நடந்தன.

இந்தச் சூழலில்தான் போடனின் நாற்காலி காலியானது. அவர் சின்சினாட்டியில் மார்கஸ் ஃப்ரீமனோடு இருந்தவர். ஃப்ரீமன் நோட்டர் டேமுக்கு வந்தபோது கூடவே வந்தவர். 2021 டிசம்பரில் ஃப்ரீமன் தலைமைப் பயிற்சியாளரானபின் படிப்படியாக உயர்ந்தவர். மாணவர்களோடும் குடும்பங்களோடும் ஓயாமல் பேசி, கட்டடத்துக்குள் உற்சாகத்தைக் கொண்டுவருபவர் என்று பெயர் வாங்கியிருந்தார். நான் பிரித்த மூன்றில் இரண்டாவது வேலையிலிருந்து மேலே வந்தவர் என்று அவரைச் சொல்லலாம். எனவே அவருக்குப் பதிலாக இன்னொரு போடன் வேண்டும் என்று கேட்டவர்கள், தங்களை அறியாமலேயே இரண்டாவது வேலைக்குத்தான் ஆள் கேட்டார்கள்.

நோட்டர் டேமில் முனைவர் பட்டம் பெற்று, இன்றும் ஆண்டுதோறும் ஆட்டங்களுக்குச் சந்தா எடுக்கும் மதுரைக்காரர் ஒருவர் எனக்கு அண்ணனைப் போன்றவர். அந்த நாட்களில் அவரோடு தொலைபேசியில் பேசும்போதெல்லாம் பேச்சு இங்கேதான் வந்து நிற்கும்.

“தம்பி, மூணு வருஷமா ராத்திரி பகலா உழைச்ச பசங்க அங்கேயே இருக்காங்க. அவங்களை விட்டுட்டு ஊர் பூரா ஆள் தேடுறாங்க. உள்ளூர் மாடு விலை போகாதுங்கிறது சரியாத்தான் இருக்கு” என்றார்.

“அண்ணே, அந்தப் பசங்க முகவரோட உட்கார்ந்து காசு பேசிப் பழகினவங்களா?” என்று கேட்டேன்.

“போடன் மட்டும் பழகிட்டா வந்தாரு? உட்காரவச்சா கத்துக்குவாங்க” என்றார் அவர்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எந்தப் பல்கலைக்கழகத்திலும் இந்த மூன்றாவது வேலையை யாரும் பழகிவிட்டு வரவில்லை. 2021-க்குப் பிறகு அத்தனை பேரும் வேலையில் இருந்துகொண்டேதான் கற்றார்கள். ஒஹாயோ ஸ்டேட்டின் மார்க் பான்டோனி இதற்கு நல்ல சான்று. தலைமைப் பயிற்சியாளர் அர்பன் மையரோடு ஃப்ளோரிடாவிலிருந்து வந்து, மையர் ஓய்வு பெற்று ரயன் டே பொறுப்பேற்றபின்பும் அதே கட்டடத்தில் நிலைத்து, அங்கேயே ஜெனரல் மேனேஜராக உயர்ந்தவர் அவர். அட்லாண்டாவில் எங்களைத் தோற்கடித்த அந்த அணியையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது முயற்சியில் 11 கெஜம் தேவைப்பட்டபோது நீண்ட வீச்சைப் பிடித்து ஆட்டத்தை முடித்துவைத்த ஜெரமையா ஸ்மித், பள்ளியிலிருந்து எடுக்கப்பட்ட ஃப்ளோரிடா மாணவர். அந்தப் பந்தை வீசிய வில் ஹவர்ட் கான்சஸ் ஸ்டேட்டிலிருந்தும், தடுப்பில் நின்ற கேலப் டௌன்ஸ் அலபாமாவிலிருந்தும், பந்தோடு ஓடிய க்வின்ஷான் ஜட்கின்ஸ் ஓல் மிஸ்ஸிலிருந்தும் போர்ட்டல் வழியாக வந்தவர்கள். பள்ளி மாணவனை எடைபோட்டுப் பழகிய அதே துறை, சந்தையில் யாருக்கு எவ்வளவு என்பதையும் கற்றுக்கொண்டிருக்கிறது. பெரிய ஊதியத்தில் வெளியாளைக் கொண்டுவந்த நார்த் கரோலினா 2025-ல் 4 வெற்றி, 8 தோல்வியோடு முடித்தது. ஒரு பருவத்தை வைத்து லொம்பார்டியைத் தீர்ப்பிடக் கூடாது என்றாலும், என்எஃப்எல் அனுபவம் தானாகவே வெற்றியைக் கொண்டுவரும் என்ற நம்பிக்கைக்கு அது ஆதரவாக இல்லை.

நோட்டர் டேம் முதலில் அணுகியது டெக்சஸ் டெக்கின் ஜேம்ஸ் பிளான்சர்டை. எடைபோடுவதில் வல்லவர் என்று பெயர் எடுத்த அவர், யோசித்துப் பார்த்துவிட்டு டெக்சஸ் டெக்கிலேயே தங்கிவிட்டார். அவர் மறுத்த செய்தி வந்த அன்று ரசிகர்களிடையே எழுந்த ஆதங்கம் பெரியது. அந்த ஆதங்கத்துக்குக் காரணம் இருந்தது என்பது பிறகு தெளிவானது. 2025-ல் டெக்சஸ் டெக் தன் வரலாற்றில் முதன்முறையாக, தான் ஆடும் பிக் 12 பிரிவின் கோப்பையை வென்றது. நன்கொடையாளர்களின் பணம் அங்கே தாராளமாகப் பாய்ந்தது உண்மை. ஆனாலும் ஸ்டான்ஃபோர்டிலிருந்து டேவிட் பெய்லியை எடுத்ததற்குப் பணம் மட்டும் போதாது. எதிரணியின் குவார்ட்டர்பேக்கை அவர் எப்படி வேட்டையாடுவார் என்று முன்கூட்டியே கணிக்கும் கண்ணும் வேண்டும். அந்த அணியின் தடுப்புக்குத் தூணாக நின்று நகுர்ஸ்கி விருதை வென்ற ஜேக்கப் ரோட்ரிகஸ், வர்ஜீனியாவில் குவார்ட்டர்பேக்காகச் சேர்ந்திருந்தவர்.

பிளான்சர்டு இல்லையென்றானதும், டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் வீரர் தேர்வுப் பிரிவிலிருந்து மைக் மார்ட்டின் வந்தார். உள்ளிருந்து யாரும் உயரவில்லை. அண்ணன் போன்ற நண்பருக்குக் கோபம். எனக்கு அந்தத் தேர்வில் ஒரு தெளிவு தெரிந்தது: நிர்வாகம் மூன்றாவது வேலைக்கு ஆள் எடுத்திருந்தது. போர்ட்டலிலிருந்து இளநிலை மாணவர்களை எளிதாக எடுக்க முடியாத, சேர்க்கை விதிகள் இறுக்கமான பல்கலைக்கழகத்தில், கையில் இருக்கும் வீரர்களை இழக்காமல் வைத்திருப்பதே மற்ற எதையும்விட முக்கியம் என்று அவர்கள் கருதியிருக்க வேண்டும். அந்தக் கணிப்பை நான் ஏற்கிறேன். ஆனால் அந்தத் தேர்வைச் செய்த கையோடு, எடைபோடும் பிரிவிலும் விருந்தோம்பும் பிரிவிலும் இருப்பவர்களுக்குப் பெயரளவில் இல்லாமல் ஊதியத்திலும் அதிகாரத்திலும் உயர்வு கொடுத்தால்தான் அது முழுமையடையும். இந்தத் தொழிலில் தலைவர் போகும்போது தனக்குக் கீழே உள்ள நல்லவர்களையும் அழைத்துக்கொண்டு போவது வழக்கம். போடன் ஃப்ரீமனோடு வந்தார், பான்டோனி மையரோடு வந்தார், வாஷிங்டனில் இருந்த கோர்ட்னி மார்கன் 2024-ல் பயிற்சியாளர் கேலன் டெபோரோடு அலபாமாவுக்குப் போனார். உயர்வு மறுக்கப்பட்ட இரண்டாம் நிலை ஊழியருக்கு வேறிடத்திலிருந்து அழைப்பு வர அதிக நாள் ஆகாது.

உள்ளிருந்து உயர்த்துவதை எதிர்ப்பவர்கள் எழுப்பும் ஒரு சந்தேகத்தையும் ஒதுக்கிவிட முடியாது. இந்தத் துறையில் சிலர் தகுதிக்காக இல்லாமல் தொடர்புக்காகச் சேர்க்கப்பட்டவர்கள் என்பார்கள். ஒரு காலத்தில் அது பரவலாகவே நடந்தது: ஐந்து நட்சத்திர மாணவன் வேண்டுமென்றால், அவனுடைய பள்ளிப் பயிற்சியாளருக்குத் துறையில் ஒரு வேலை. 2017-ல் என்சிஏஏ இதைத் தடுத்தது. மாணவனோடு தொடர்புடையவரை அவன் சேர்வதற்கு இரண்டாண்டு முன்போ, சேர்ந்து இரண்டாண்டு வரையோ களத்துக்கு வெளியிலான பதவிகளில் அமர்த்தக் கூடாது என்று விதி வந்தது. அதற்குப் பின் சேர்ந்தவர்களையும் அதே கண்ணால் பார்ப்பது அநீதி.

அளவுகோல் பற்றிய சிக்கல்தான் எல்லாவற்றிலும் கடினமானது. 2025 பருவத்தை நோட்டர் டேம் இரண்டு தோல்விகளோடு தொடங்கியது: மயாமியிடம் மூன்று புள்ளியில், டெக்சஸ் ஏ அண்ட் எம்மிடம் ஒரு புள்ளியில். அதற்குப் பிறகு பத்து ஆட்டங்களை வரிசையாக வென்றும், கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றில் இடம் கிடைக்கவில்லை. செப்டம்பரிலேயே சிலர் புதிய ஜெனரல் மேனேஜரைக் குறை சொன்னார்கள். அந்தக் களத்தில் நின்றவர்களில் பெரும்பாலோர் அவர் வருவதற்கு முன்பே சேர்ந்தவர்கள். வாட்ஸ் 2020-ல், ஃப்ரீமனுக்கு முந்தைய பயிற்சியாளர் பிரையன் கெல்லியின் காலத்தில் எடுக்கப்பட்டவர். அவர் விருது வாங்கியபோது, கெல்லி எல்எஸ்யு பல்கலைக்கழகத்துக்குப் போய் இரண்டாண்டு ஆகியிருந்தது. போடனின் காலத்தில் வந்த ஜெரமையா லவ், இண்டியானாவுக்கு எதிராக 98 கெஜம் ஓடியது போடன் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு. ஆண்டின் தலைசிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதின் இறுதிப் பட்டியலில் லவ் இடம்பெற்றது போடன் கிளம்பியபின். அதே 2025 டிசம்பரில் போடனின் யுஎஸ்சி, பள்ளி மாணவர் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. எங்கள் ரசிகர்கள் அதைப் பார்த்து நெஞ்சில் கைவைத்தார்கள். அந்த மாணவர்கள் களத்தில் என்ன ஆகிறார்கள் என்பதை 2027, 2028-ல்தான் பார்க்க முடியும்.

ஒருவருடைய வேலையின் பலன் அவர் போனபின் தெரியும் துறையில், அவருக்கு உயர்வு தரலாமா என்று இன்றே முடிவெடுக்க ஒரே வழி, அந்த வேலையைச் செய்யும் விதத்தைப் பார்ப்பதுதான். கட்டடத்துக்குள் இருப்பவர்களிடம் அதற்கான பதிவுகள் இருக்கின்றன. எந்த மாணவனைப் பற்றி யார் என்ன எழுதினார், யார் தயங்கினார், யார் எல்லோருக்கும் முன்பாக ரவுண்ட் ராக்கில் ஒரு பையனைப் பாருங்கள் என்று சொன்னார் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கும். ரசிகர்களுக்கு அது கிடைக்காது. அதனால் நாங்கள் பேர் தெரிந்தவருக்காகவும் விசுவாசத்துக்காகவும் வாதாடுகிறோம்.

நண்பர் இன்னும் தன் நிலையிலிருந்து அசையவில்லை. போன மாதம் பேசும்போது, மார்ட்டினை மறுபடியும் என்எஃப்எல் கூப்பிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அப்படிக் கூப்பிடும் நாளில் அவருக்கு அடுத்த மேசையில் இருப்பவருக்கு முகவரோடு பேசியும் பணத்தைப் பிரித்தும் பழக்கம் இருக்க வேண்டும், அந்தப் பழக்கத்தை இப்போதிருந்தே கொடுக்க வேண்டும் என்றேன். அந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்த மேசைக்குக் காணொளி பார்ப்பவர் வர வேண்டுமா, குடும்பங்களை வரவேற்பவர் வர வேண்டுமா என்று கேட்டேன். காணொளி பார்ப்பவர் என்று அவர் உடனே சொன்னார். நான் அந்தச் சனிக்கிழமைத் தாளைத் தயாரித்தவரைப் போன்ற ஒருவரைச் சொன்னேன். அதில் இன்னும் முடிவு வரவில்லை.